கல்கத்தாவில் வாஷிங்டன்

நகல் என்ற சொல்லை நம் விமர்சனம் வசவாக மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறது. ஒரு கவிதையில் எலியட்டின் வாடை அடித்தால் போதும், தீர்ப்பு முடிந்துவிடும். எங்கோ கலப்பற்ற அசல் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை இதன் அடியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1801ல் அமெரிக்க வணிகர்கள் சிலர் சேர்ந்து கல்கத்தாவின் ராம்துலால் தே என்பவருக்கு ஜார்ஜ் வாஷிங்டனின் ஆளுயரத் தைலவண்ண ஓவியத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ராம்துலால் (1752-1825) அனாதையாக வளர்ந்தவர். ஒரு வணிகரிடம் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்து, பின்னர் அமெரிக்கக் கப்பல்களுக்குச் சரக்குப் பிடித்துக்கொடுத்துப் பெரும் செல்வரானார். சென்னையில் துபாஷி என்பார்களே, ஏறக்குறைய அந்த ஸ்தானம். அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய அமெரிக்கக் கப்பல் ஒன்று கடலில் ஓடியது.

வில்லியம் வின்ஸ்டன்லி வரைந்ததாகக் கருதப்படும் அந்த ஓவியம் ஒரு நகல். அசல், கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796ல் வரைந்த 'லான்ஸ்டவுன்' ஓவியம். அந்த அசலின் யோக்யதை என்ன? கறுப்பு உடை, நீட்டிய வலது கை, இடது கையில் வாள், பின்னால் தூண்களும் திரையும். வாஷிங்டனை நேரில் பார்த்து ஸ்டூவர்ட் வரைந்தது முகத்தை மட்டுமே. உடலுக்கு வேறு ஆட்கள் நின்றார்கள். நிற்கும் தோரணையோ, ரிகோ வரைந்த பொஸ்யுவே என்ற பிரெஞ்சுப் பிஷப்பின் படத்திலிருந்து, அதன் அச்சுப் பிரதி வழியாக வந்தது. மன்னராட்சிக்கு மறை ஓதிய குருவின் தோரணையில் குடியரசின் முதல் தலைவர் நிற்கிறார். பிஷப்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் அசலில் மிஞ்சுவது ஒரு முகமும், பொய்ப்பல்லினால் இறுகிப்போன வாயும்தான்.

அதே 1796ல் வரைந்த இன்னொரு வாஷிங்டன் முகத்தை ஸ்டூவர்ட் வேண்டுமென்றே முடிக்காமல் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்து விற்றார். தன் நூறு டாலர் நோட்டுகள் என்று அவற்றைச் சொல்வாராம். பிற்பாடு அந்த முகமே ஒரு டாலர் நோட்டில் ஏறிக்கொண்டது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிற எனக்கு இதில் வியப்பில்லை. நோட்டுகளில் அசல் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் பிரதிகள். நல்ல நோட்டைக் கள்ள நோட்டிலிருந்து பிரிப்பது அதன் பின்னால் நிற்கிற வாக்குறுதி.

ராம்துலால் வீட்டு நகலுக்குப் பின்னாலும் ஒரு வாக்குறுதி நின்றது. கடல் கடந்து, முகம் பாராமல் நடந்த கொடுக்கல் வாங்கலில் விளைந்த நம்பிக்கையின் ரசீது அது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. 1781ல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படைக்கு அடிபணிந்த கார்ன்வாலிஸ்தான் 1786 முதல் 1793 வரை கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அவர் ஆண்டுவிட்டுப் போன ஊரில், கம்பெனியின் தலைநகரில், ஒரு வங்காளி வீட்டுச் சுவருக்கு அவரைத் தோற்கடித்தவர் வந்து சேர்கிறார். கொடுத்தவர்களும் வாங்கியவரும் இதை நினைத்தார்களா என்பது முக்கியமில்லை. ஸ்டூவர்ட்டின் ஓவியத்துக்குள் எவ்வளவு தேடினாலும் இந்த அர்த்தம் கிடைக்காது. அது நகலுக்கு மட்டுமே சொந்தம்.

மறுபக்கத்துக்கு எங்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கும் ஓவியத்தைச் சொல்கிறேன். 1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி. இதை யாரும் நகல் என்று சொல்வதில்லை. ஆனால் கண்டவன் வரைந்ததல்ல, பிற்காலக் கற்பனை. வென்றவன், தோற்றவன், கூட்டம் என்று எந்த நாட்டுச் சரணாகதிக்கும் பொருந்துகிற வாய்பாடு. டிலனாய் பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கியதும், 1777ல் இறந்து உதயகிரிக் கோட்டையில் புதைக்கப்பட்டதும், அந்தக் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதும் இந்தப் படத்தின் பிரக்ஞைக்குள் வரவில்லை. பக்கத்துக் கோட்டையில் ஒரு கல்லறைக் கல் அறிந்திருப்பதை அரண்மனைச் சுவரின் அசல் ஓவியம் அறியவில்லை.

ராம்துலாலின் வாஷிங்டன் இன்று வர்ஜீனியாவில், வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். சொந்த நாட்டில் அவர் பல வாஷிங்டன்களில் ஒருவர். கார்ன்வாலிஸின் ஊர் அவரைச் சூழ்ந்திருக்கவில்லை. அந்த எதிர்ப்பொருளும் அவரோடு கப்பல் ஏறவில்லை.

இதை வைத்து நகலெடுப்பவர்களுக்கெல்லாம் நற்சான்று வழங்க நான் வரவில்லை. எலியட்டைப் பார்த்து எழுதிய கவிதைகளில் பெரும்பாலானவை கள்ள நோட்டுகள்தான். ஆனால் அதை நிரூபிக்க எலியட்டின் பெயரைச் சொன்னால் போதாது. வந்து சேர்ந்த தோரணை இங்கே எந்தச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது, யாருக்கு எதிரே நிற்கிறது, அதன் பின்னால் வாக்குக் கொடுத்தவன் யார் என்று பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் எழுதப்படும் தீர்ப்பும் எங்கிருந்தோ எடுத்த ஒரு நகல்தான்.