இடம், திசை, மனம்: உளமொழியியல் ஆய்வில் தமிழ்ச் சான்றும் டோர்ட்மண்ட் எழுப்பும் வினாவும்

மனித மனம் இடத்தை உணர்வதில் மொழிக்குள்ள பங்கினை ஆராய்ந்தவற்றுள், எரிக் பீடர்சன் முதலியோர் 1998இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை தமிழியலார்க்கு இன்றியமையாதது. நெதர்லாந்தின் நைமேகனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் உருவான ஆய்வு அது.

ஆய்வுமுறை எளியது. ஒரு மேசையில் பொம்மை விலங்குகள் வரிசையாக வைக்கப்படும். அவற்றைக் கண்டவர் 180 பாகை திரும்பி, மற்றொரு மேசையில் அவ்வரிசையை அமைக்க வேண்டும். வலப்புறம் நோக்கியதை மீண்டும் வலப்புறமே நோக்க வைப்பவர் தம் உடலை அளவையாகக் கொள்கிறார். வடக்கு நோக்கியதை வடக்கு நோக்கியே வைப்பவர் திசையைக் கொள்கிறார். பேச்சுவழக்கும் இத்தேர்வும் பெரிதும் ஒத்துச்செல்கின்றன என்பது ஆய்வாளர் முடிவு.

அம்முடிவில் தமிழின் இடம் தனித்தன்மையானது. ஊரகத் தமிழர் திசைப்பெயர்களையும் நகரத் தமிழர் இடவலச் சொற்களையும் மிகுதியாகக் கையாள்வர் என அவ்வாய்வு பிரித்துக் காட்டுகிறது. ஆனால் இருசாரார்க்கும் இலக்கணம் ஒன்றே, சொற்களும் பொதுவே. சோற்றுக்கையை அறியாத சிற்றூர் இல்லை; கிழக்கை அறியாத நகரமும் இல்லை. ஆதலின் 'மொழி சிந்தனையை வடிவமைக்கிறது' என்ற பொதுவாய்பாட்டைத் தமிழ்ச் சான்று தாங்காது. அது சுட்டுவது பயிற்சியால் ஊன்றிய வழக்கையே.

அவ்வழக்கையும் உடனே காரணமாக்குதல் இயலாது. ஊரும் நகரும் பேச்சில் மட்டுமன்றிக் கல்வி, தொழில், நிலம் ஆகியவற்றாலும் வேறுபடுகின்றன. சூழலின் பங்கை லீ, கிளைட்மன் இருவரும் 2002இல் வலியுறுத்தினர். லெவின்சன் முதலியோர் அவ்வாண்டே மறுத்தனர். பேச்சும் சூழலும் சேர்ந்தே மாறும் களத்தில் இவ்வழக்குத் தீராது.

டோர்ட்மண்ட் போன்ற புலம்பெயர் நகரங்கள் இங்குப் பயன்படும். சிற்றூரில் வளர்ந்து அங்குக் குடியேறிய ஈழத்தமிழ் முதியோர்க்குப் பேச்சு தொடர்கிறது; நிலம் மாறிவிட்டது. சூன் மாதத்தில் கதிரவன் வடகிழக்கே எழும் நாடு அது. அவர்கள் இன்றும் திசையையே அளவையாகக் கொண்டால் வழக்கின் வலிமை புலப்படும். உடலை அளவையாகக் கொண்டால் சூழலின் பக்கம் சான்று சாயும். அங்கே பிறந்த சிறாரைத் தமிழிலும் செருமானியத்திலும் தனித்தனியே ஆராய்ந்தால், ஒரே மனம் மொழிக்கேற்ப மாறுகிறதா என்பதும் தெளிவாகும்.

இவ்வினா ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. தமிழைக் கற்பித்தால் தமிழ்ச் சிந்தனையும் உடன்வரும் என்ற நம்பிக்கை புலம்பெயர் தமிழ்க்கல்வியின் அடித்தளம். 'கீழ்' என்பதினின்று கிழக்கும் 'மேல்' என்பதினின்று மேற்கும் பிறந்தன. நிலத்தின் சரிவைக் கண்டோர் இட்ட பெயர்கள் அவை. அவற்றைச் செருமானியச் சொல்லுக்கு ஈடாக மனப்பாடம் செய்யும் குழந்தைக்குச் சொல் கிட்டும், வழக்குக் கிட்டாது. "தெற்குப் பக்கக் கதவைச் சாத்து" என்று வீட்டில் நாள்தோறும் கேட்கும் குழந்தையின் நிலை வேறு. அவ்வேறுபாடு மனத்தின் அளவையிலும் பதிகிறதா என்பதே இனி ஆராயத்தக்கது.