‘மோதல்’ என்றொரு வசதியான சொல்

நைஜீரியாவின் நடுப்பகுதி மாநிலங்களில் மாடு மேய்ப்போருக்கும் கமக்காரருக்கும் இடையில் நடக்கும் கொலைகளைப் பற்றிய செய்திகளைச் சில வருடங்களாக விடாமல் வாசித்து வருகிறேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் வேலை செய்யும் ரெஸ்ரோரன்ற் குசினியில் பக்கத்துத் தொட்டியில் கோப்பை கழுவுபவர் பெனுவே மாநிலத்தவர். தீவ் இனத்தவர், கமக்காரக் குடும்பம். ஊரில் ஏதும் நடந்தால் இடைவேளையில் செய்தியைக் காட்டுவார். “வாசித்துப் பார், இதில் என்ன இல்லை என்று சொல்” என்பார். அப்படி வாசித்ததன் விளைவே இந்தக் குறிப்பு.

பெரும்பாலான செய்திகள் இரண்டு அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. முதலாவதில், ‘மேய்ப்போர் எனச் சந்தேகிக்கப்படுவோர்’ ஒரு கிராமத்துக்குள் புகுந்து இத்தனை பேரைக் கொன்றார்கள். யார் சந்தேகித்தது, எதை வைத்துச் சந்தேகித்தது என்பது இராது. இரண்டாவதில், இரு பகுதியினரிடையே ‘மோதல்’ ஏற்பட்டு இத்தனை பேர் இறந்தார்கள். அங்கே கொன்றவனே இல்லை. மோதல் தானாக வந்து தானாகக் கொன்றுவிட்டுப் போகிறது. ஒன்று ஒரு முழு இனத்தையும் கொலைகாரனாக்குகிறது, மற்றது கொலைகாரனே இல்லாமற் செய்கிறது. எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இன்ன ஆளை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கவேண்டிய இடத்தில் வாசகனுக்கு வேறொன்றைக் கொடுத்துவிடுகின்றன.

எமக்கு இந்தப் பாஷையை யாரும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. ‘இனந்தெரியாத நபர்கள்’ என்ற சொற்றொடரோடு வளர்ந்தவர்கள் நாங்கள். நான் பிறக்க முன்னர், 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப்போய்ச் செய்ததைக் ‘கலவரம்’ என்றுதான் எழுதினார்கள். கலவரமென்றால் இரண்டு பக்கமும் கலந்துகொண்டது போல.

ஆனால் எங்கள் கதையை வைத்து அவர்கள் கதையைப் புரிந்துகொண்டுவிட முடியாது. அங்கே விவகாரம் நிலத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தொடங்குகிறது. வறட்சிக் காலத்தில் ஃபுலானி மேய்ப்போர் மந்தைகளைத் தெற்கே ஓட்டிவருவது பழைய வழக்கம். அறுவடை முடிந்த வயலில் மாடுகள் தாளை மேயும், எருவை விட்டுப் போகும், இருபகுதிக்கும் இலாபம். வடபிராந்திய அரசு 1965இல் மேய்ச்சல் ஒதுக்கிடங்களுக்கெனச் சட்டம் போட்டது. பிறகு சனத்தொகை பெருகியது, மாட்டுப் பாதைகள் வயல்களாயின. வடக்கில் மாட்டுக் கொள்ளையும் ஆயுதக் கும்பல்களும் பெருகியதால் மந்தைகள் முன்னையிலும் அதிகமாகத் தெற்கே தள்ளப்பட்டன. பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலைத் தடைசெய்து இயற்றிய சட்டம் 2017 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து, 2018 புத்தாண்டு தினத்தில் தொடங்கிய தாக்குதல்களில் கொல்லப்பட்ட 73 பேரை மக்குர்டி நகரில் ஒன்றாகப் புதைத்தார்கள். அந்தச் சவப்பெட்டி வரிசையின் படம் உலகமெல்லாம் போயிற்று. போகத்தான் வேண்டும். அந்தப் படத்தைப் பற்றி நண்பரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போகாத செய்திகளும் உண்டு. 2017 நவம்பர் 20இல் அடமாவா மாநிலத்தின் நுமான் பகுதியில் ஃபுலானிக் குடியிருப்பொன்று தாக்கப்பட்டது. இறந்தவர்கள் பல பத்துப் பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 4இல், மேய்ப்போர் நூற்றுக்கணக்கில் திரண்டு கிராமங்களைத் தாக்கினார்கள். இரண்டாவதை மட்டும் வாசித்தவனுக்கு அது காரணமில்லாத வெறி. முதலாவதையும் சேர்த்து வாசித்தவனுக்கு, கொலை கொலையாகவே இருக்கும். ஆனால் இடையில் இருந்த அந்த இரண்டு வாரத்தில் பொலிஸ் என்ன செய்தது என்ற கேள்வி எழும்.

அதைவிடப் பெரியது ஒன்று. அதே டிசம்பர் 4இல் நைஜீரிய விமானப்படையும் அங்கே வந்தது. எச்சரிக்கை வேட்டுகள்தான் தீர்த்தோம் என்றது படை. நேரில் போய் விசாரித்த சர்வதேச மன்னிப்புச் சபை 2018 ஜனவரியில் வெளியிட்டது வேறு கதை. ஊரவர்கள் கொடுத்த கணக்கின்படி இறந்த 86 பேரில் 51 பேர் மேய்ப்போர் கையால் இறந்தார்கள், 35 பேர் விமானத் தாக்குதலில் இறந்தார்கள். விமானம் எப்படி ஐயா ‘மேய்ப்போர் – கமக்காரர் மோதலில்’ ஒரு தரப்பாகும்? அந்தத் தலைப்பின் கீழ் 86 பேரையும் அடக்கிவிட்டால் அரசாங்கம் நடுவராக வெளியே நின்றுகொள்கிறது. ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்ற பெயரில் 2009இல் வன்னியில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வாசிப்பை ஒருதரம் நிறுத்துவார்கள்.

செய்தி எப்படித் தயாராகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வான்கார்ட் போன்ற பெரிய நாளேடுகளின் தலைமையகம் லாகோஸில். டெய்லி ட்ரஸ்ட் அபுஜாவில். தெற்கே ஒரு விதமாகவும் வடக்கே ஒரு விதமாகவும் வாசிக்கிறார்கள் என்ற முறைப்பாடு இரண்டு பக்கமும் உண்டு. கொலை நடந்த ஊர் ரோட்டிலிருந்து பல மைல் உள்ளே. நிருபருக்குக் கிடைப்பது பொலிஸ் பேச்சாளரும் உள்ளூர்த் தலைவரும்தான். கமக்காரனுக்கு ஊர் உண்டு, ஆலயம் உண்டு, அவனுக்காகப் பேச ஒருவர் உண்டு. நடந்துகொண்டேயிருக்கும் மேய்ப்பனுக்கு விலாசமே கிடையாது. அவன் பெயரில் பேசுவது நகரத்துச் சங்கங்கள். அவன் ஓட்டுகிற மாடு சிலவேளை அவனுடையதே அல்ல, நகரத்து வசதிக்காரரின் மாடு. மாட்டின் சொந்தக்காரரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்த செய்தி என் கண்ணில் அகப்பட்டது மிகக் குறைவு.

2018 யூனில் பிளேட்டோ மாநிலத்தின் பார்கின் லாடியில் நடந்த கொலைகளின்போது பொலிஸ் சொன்ன எண் 86. ஊரவர்கள் சொன்னது 200க்கு மேல். முந்நூறு மாடுகளுக்குப் பழிவாங்கியதே இது என்று மாடு வளர்ப்போர் சங்கப் பிரமுகரொருவர் கூறியதாகச் செய்தி பரவியது; தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று அவர் மறுத்தார். அந்த மறுப்பு, செய்தி போன தூரத்துக்குப் போகவில்லை. வேறெங்கோ எடுத்த கோரப் படங்கள் அந்த நாட்களில் பிளேட்டோ படங்களாகக் கைமாறியதை பி.பி.சி. பின்னர் ஆராய்ந்து காட்டியது. ஊர்ப் படமென்று வந்ததையெல்லாம் பார்த்துக் குழம்பிய 2009 மாதங்களில் எங்களுக்கும் இது நடந்ததுதான்.

மேற்குப் பத்திரிகைகளுக்கு வேறு இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்றில் காலநிலை மாற்றம், மற்றதில் முஸ்லிம்–கிறிஸ்தவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதற்பெட்டியில் மழைதான் குற்றவாளி, இரண்டாவதில் வேதப்புத்தகங்கள். 2016 ஜனவரியிலிருந்து 2018 ஒக்டோபர் வரை 3,641 பேர் கொல்லப்பட்டதை மன்னிப்புச் சபை பதிவுசெய்தபோது, அரசு விசாரிக்கத் தவறியதே கொலைகளை வளர்த்தது என்று குற்றஞ்சாட்டியது. இந்தக் குற்றச்சாட்டுக்கு இரண்டு பெட்டியிலும் இடமில்லை.

இங்கே நண்பரோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. நுமானைப் பற்றி நான் பேசினால் அவருக்குக் கோபம் வரும். “இரண்டு பக்கமும் என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் புதைத்துவிட்டார்கள்” என்பார். அவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது. 2025 யூன் 13 இரவு பெனுவேயின் யெல்வாட்டாவில் குறைந்தது நூறு பேர் கொல்லப்பட்டதாக மன்னிப்புச் சபை கூறியது. இறந்தவர்களில் பலர் முன்னைய தாக்குதல்களில் இடம்பெயர்ந்து சந்தைக் கட்டிடங்களில் தங்கியிருந்த அகதிகள், நித்திரையில் எரிக்கப்பட்டார்கள். நித்திரையில் இருந்தவன் யாரோடு மோதினான்? சில நாட்களில் ஜனாதிபதி தினுபு மக்குர்டிக்கு வந்தபோது, தீவ் மக்களின் பாரம்பரிய மன்னர், இதை மோதல் என்றோ பழிக்குப்பழி என்றோ சொல்லாதீர்கள், இது திட்டமிட்ட இன அழிப்பு, நிலப்பறிப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லின் மீது இப்படிச் சண்டை பிடிப்பது வெறும் இலக்கணச் சண்டையல்ல. மோதல் என்றால் சமாதானக் குழு அனுப்பினால் போதும். படுகொலை என்றால் ஆளைப் பிடிக்க வேண்டும்.

நண்பர் கேட்பது யெல்வாட்டாவுக்கு அதன் பெயர். நான் கேட்பது நுமானின் பிள்ளைகளுக்கும் அதே பெயர். இரண்டையும் ஒரே பத்திரிகையில் வாசிக்க எங்கள் இருவருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

அதே மக்குர்டிக் கூட்டத்தில் தினுபு பொலிஸ் மா அதிபரைப் பார்த்து, ஏன் இன்னும் ஒருவரும் கைதாகவில்லை என்று கேட்டார். படைகளுக்கெல்லாம் தலைவர் அவர்தான். சில நாளில் கைதுகள் நடந்ததாகப் பொலிஸ் அறிவித்தது. கைதானவர்கள் யார், துவக்கு எங்கிருந்து வந்தது, மாடு யாருடையது என்பதை உட்பக்கத்தில் எங்காவது எழுதுகிறார்களா என்று இடைவேளைகளில் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.