கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவள்

"பயந்துட்டா!" என்று மைதானத்து ஓரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பினால் போதும், பின்னாலேயே பத்துக் குரல் சேர்ந்துகொள்ளும். பள்ளிப் பெண்கள் கபடியை நேரில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கூச்சல் பழக்கம். பிடிபட்டு வெளியே போன ரெய்டர் உயிர் பெற்று உள்ளே வருகிறாள். அடுத்த ரெய்டுக்குப் போகிறாள். ரெய்டர் கட்டாயம் தாண்டியாக வேண்டிய பாக் லைனுக்கு அந்தப் பக்கம் கால் வைக்கிறாள், இடமும் வலமுமாக நகர்கிறாள், யாரையும் தொடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். உடனே கேலியும் விசிலும். முந்தின பிடியில் மனசு விட்டுப்போச்சு என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

தப்பான தீர்ப்பு. பிடிபட்ட பிறகு வரும் முதல் ரெய்டில் வெறுங்கையோடு திரும்பி வருவதுதான் பள்ளிக் கபடியில் இன்றைக்கு ஆகக் கடினமான முடிவு. அதை எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் மிகக் குறைவு.

பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், படிக்கிற பிள்ளை. குறுவட்டப் போட்டியிலிருந்து வருவாய் மாவட்டம் வரை தொடர்ந்து பார்த்தவர்களுக்கு யாரென்று தெரியும். நான் அவள் கட்சி, அதை மறைக்கப்போவதில்லை.

வெளியே வந்ததும் கடைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கிற கட்டத்தில் உட்காருவாள். முடியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுவாள். கூட இருக்கிறவர்கள் கத்துவார்கள், இவள் கத்தமாட்டாள். கண் எதிரணியின் இடது மூலையில் நிற்கிற கார்னர் மேலேயே இருக்கும். தோழி ஒரு பாயின்ட் எடுத்து, வெளியேறிய வரிசைப்படி இவள் முறை வந்து உள்ளே நுழைகிறாள். அடுத்த ரெய்டே இவளுடையது.

அந்த ரெய்டைக் கவனித்துப் பாருங்கள். வலது காலைப் போனஸ் கோட்டுப் பக்கம் நீட்டுவாள், தொடமாட்டாள். கணுக்காலுக்குக் கார்னர் குனிகிறாளா, முழங்காலுக்குப் பாய்கிறாளா என்று பார்த்துக்கொள்வாள். கார்னருக்குப் பக்கத்தில் நிற்கிற கவர் தானாக நகர்கிறாளா, கார்னர் நகர்ந்த பிறகு நகர்கிறாளா? செயினில் கைகோத்து நிற்கிறவர்களில் முதலில் கையை விடுகிறவள் யார்? இவ்வளவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். அடுத்த முறை போகும்போது அதே காலை அதே இடத்தில் நீட்டுவதுபோலக் காட்டி, குனிந்த கார்னரின் தோளைக் கையால் தட்டிவிட்டு வருவாள். கைதட்டல் முழுவதும் அந்த இரண்டாவது ரெய்டுக்குப் போகிறது. அதற்கான வேலை முடிந்ததோ முதல் ரெய்டில்.

நான் பெரிதாக நினைப்பது இன்னொன்று. மற்ற ஆட்டங்களில் வீரரின் நடுக்கத்தை முகத்திலும் கையிலும் தேட வேண்டியிருக்கும். கபடியில் அது காதுக்கே கேட்கும். பிடிபட்டவுடன் அட்ரினலின் ஏறிய உடம்பு இது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு நெஞ்சுக்குழிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. அந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் "கபடி, கபடி" என்று பாட வேண்டும். பயந்த பிள்ளையின் பாட்டு வேகமாக, கீச்சென்று, சொல்லோடு சொல் இடித்துக்கொண்டு வரும். இந்தப் பெண்ணும் உயிர் பெற்று வந்த முதல் ரெய்டை அப்படித்தான் தொடங்குகிறாள். கூட்டத்துக்குச் சொல்கிறேன், அவளுக்கும் பயம் உண்டு. ஆனால் திரும்பி நடுக்கோட்டை நெருங்கும்போது அதே பாட்டு நிதானமாக, சீராக வருகிறது. பறிபோன மூச்சை அந்தச் சில நொடிகளில் திரும்ப வாங்கிவிடுகிறாள். அந்த ரெய்டுக்கு ஸ்கோர் ஷீட்டில் ஒன்றும் விழாது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். பிடித்தவளையே தொட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிற ரெய்டருக்குத்தான் கூட்டம் கைதட்டும். அதைத்தான் தைரியம் என்கிறார்கள். என் கணக்கில் அது பயத்தின் இன்னொரு முகம். அவமானம் சீக்கிரம் தீர வேண்டும் என்ற அவசரம் அது. அந்த அவசரத்தில் என்ன நடக்கிறது? பாக் லைனைத் தாண்டும்போது பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும் என்பது விளையாடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே படித்த பாடம். அது மறந்துபோகும். கோட்டைச் சரியாகக் கடக்காமலே திரும்பி வந்து, யாரும் கை வைக்காமலே வெளியேறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அல்லது ஒரே ஒருத்தியைக் குறிவைத்து ஓடி, பக்கத்திலிருந்து வரும் கவரைப் பார்க்காமல் மறுபடியும் மாட்டிக்கொள்வார்கள். பெண்கள் ஆட்டத்தில் ஒரு பாதி 15 நிமிடம்தான். முக்கிய ரெய்டர் அதில் இரண்டு முறை வெளியே உட்கார்ந்தால் ஆட்டம் கையை விட்டுப் போய்விடும்.

சும்மா இருப்பதைக் கூட்டம் மன்னிக்காது. இது கபடிக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. 2007-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கால்பந்தில் 286 பெனால்டி உதைகளை எடுத்து அலசினார்கள். கோல்கீப்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு முறைக்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்திருந்தார்கள். உதைகள் போன திசையைக் கணக்கிட்டால், நடுவிலேயே நின்றிருந்தால் தடுத்திருக்கும் வாய்ப்பு கூடுதல். பாய்ந்து கோல் வாங்கினால் முயற்சியாவது செய்தான் என்பார்கள், நின்றபடி வாங்கினால் திட்டு விழும். உலகத் தரத்துக் கீப்பர்களையே ஆட்டிவைக்கிற இந்தக் கூச்சத்தை, செம்மண் தரையில் வெறுங்காலோடு நிற்கிற பதினாறு வயதுப் பிள்ளை தாண்டிவிடுகிறாள்.

மூன்றாவது ரெய்டு விதியை வைத்து மறுப்பவர்கள் உண்டு. அடுத்தடுத்து இரண்டு முறை அணி வெறுமனே திரும்பினால் மூன்றாவதில் பாயின்ட் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் அவுட். அந்த விதியோடு ஆடும்போது இப்படித் திரும்பி வருவது அணியை மாட்டிவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவளிடமே பதில் இருக்கிறது. ஏற்கெனவே ஒன்று வெறுமையாகப் போயிருந்தால், தான் இரண்டாவதை வெறுமையாக்கிவிட்டு மூன்றாவதுக்கும் தானே போகிறாள். கணக்கு தெரிந்து செய்கிற காரியம் அது.

இதற்குப் பின்னால் ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார். ஓரத்தில் நின்று "பயப்படாதே" என்று கத்துகிற ரகம் இல்லை. அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்: "பாயின்ட் வேணாம்மா. கோட்டத் தொட்டுட்டு வா, அது போதும்." அவள் "சரிங்க சார்" என்று கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு போனாள். பயப்படாதே என்றால் பிள்ளைக்குப் பயம்தான் ஞாபகம் வரும். செய்ய ஒரு வேலையைக் கொடுத்தால் அதைச் செய்துவிட்டு வரும். ஆள் தேர்வு செய்ய வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். டச் பாயின்ட்டை எண்ணி விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தால், அவசரக்காரர்கள்தான் உள்ளே போவார்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். மாநிலப் போட்டி மண்ணில் இல்லை, மேட் விரிப்பில் நடக்கும். மண்ணில் வழுக்கிப் பழகிய காலுக்கு ஷூ போட்டு விரிப்பில் நின்றால் பிடிமானம் வேறு. அவளுடைய முதல் ஆட்டம் சுமாராகத்தான் இருக்கும், அதைப் பார்த்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். இரண்டாவது ஆட்டத்தில் கால் பழகிவிடும். காலிறுதிக்கு வருவதற்குள் எதிரணிக் கோச் யாராவது ஒருவர் இவள் பழக்கத்தைக் கண்டுபிடித்திருப்பார். உயிர் பெற்று வரும் முதல் ரெய்டில் இவள் தொடமாட்டாள் என்று நம்பி, கார்னர் இரண்டு பேரையும் முன்னால் ஏற்றி, பாக் லைனிலேயே மடக்கப் பார்ப்பார். கார்னர் ஏறினால் பின்னால் இடம் திறக்கும், கார்னரின் கையும் எட்டுகிற தூரத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு முதல் ரெய்டிலேயே தொடுவாள், ஒன்றுக்கு இரண்டு பாயின்ட்டாக எடுத்து வருவாள். அடுத்த வருடம் பிளஸ் டூவில் அந்தப் பள்ளி அணிக்கு அவள்தான் கேப்டன். மாவட்டத்தில் மற்ற பள்ளிகளின் ரெய்டர்களும் பிடிபட்ட பிறகு ஒருமுறை வெறுங்கையோடு வரத் தொடங்கியிருப்பார்கள்.