முகமும் நிறமும்: உருவப்படப் போட்டிகளில் திருத்தத்தின் எல்லை

ஒளிப்படப் போட்டிகளில் உருவப்படத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்னும் வினாவை நடுவர்கள் பெரும்பாலும் கணக்கு முறையிலேயே அணுகி வந்துள்ளனர். இருந்த பொருள் நீக்கப்பட்டதா, இல்லாத பொருள் சேர்க்கப்பட்டதா என்பதே அவர்தம் அளவுகோலாகும். இவ்வளவுகோல் மனித முகத்துக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2010-ஆம் ஆண்டு வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் ஸ்டெபான் ரூடிக் பெற்ற பரிசு திரும்பப் பெறப்பட்டது. கைக்குக் கட்டுப் போடும் காட்சியின் பின்னணியில் தெரிந்த ஒருவரது பாதத்தின் சிறு பகுதியை அவர் அழித்திருந்தார். அதே படம் பெரிதும் வெட்டிக் குறுக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளையாக்கப்பட்டிருந்தது. அவை குற்றமாகக் கொள்ளப்படவில்லை. 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களுள் 20 விழுக்காடு விலக்கப்பட்டன. நிற மாற்றத்துக்கும் இருள் கூட்டுவதற்கும் அப்போட்டியின் விதிகள் பின்னர் வரம்பு கட்டின.

முகத்தைப் பொறுத்தவரை ஒளியும் நிறமுமே பொருளாகும். 27 ஜூன் 1994 நாளிட்ட டைம் இதழின் அட்டையில் ஓ. ஜே. சிம்சனின் காவல்துறைப் படம் கருமை கூட்டப்பட்டு வெளிவந்தது. அதே வாரம் நியூஸ்வீக் அப்படத்தை மாற்றமின்றி வெளியிட்டமையால் வேறுபாடு அம்பலமாயிற்று. எப்பொருளும் கூட்டப்படவுமில்லை, குறைக்கப்படவுமில்லை. ஆயினும் பார்ப்பவர் மனத்தில் அம்மனிதர் மாறிப்போனார்.

பேராக் மாநிலத்து ஆயர் தாவார் போன்ற வட்டாரங்களில் வாழும் தோட்டத் தமிழர்க்கு இது அயலான செய்தியன்று. பழைய படப்பிடிப்பு நிலையத்தார் நெகட்டிவின் மீது கூரிய பென்சிலால் தீட்டிச் சுருக்கங்களை மறைத்தனர். நிறத்தையும் சற்றே வெளுப்பாக்கினர். வீட்டுச் சுவரில் மாட்டப்படும் அப்படம் குடும்பத்தார் விரும்பிக் கேட்ட மரியாதை. அதனைப் பொய் என்று தள்ளுதல் முறையன்று. போட்டிக்கு வரும் படமோ, அம்மனிதரை அறியாதார் முன் சாட்சியாக நிற்கிறது.

போட்டிப் படங்களில் இருவகை மிகை நிகழக்கூடும். இளம் பெண்ணின் கருநிறம் வெளுக்கப்படுவது ஒன்று. முதிய பால்மரத் தொழிலாளியின் சுருக்கங்கள் ஆழமாக்கப்பட்டு, வறுமைக்குச் சான்றாக முகம் இருட்டாக்கப்படுவது மற்றொன்று. முன்னதைக் கண்டிப்போர் பின்னதைக் கலை எனப் பாராட்டிவிடுவர். இரண்டிலும் மனிதரின் உண்மை முகம் பறிபோகிறது.

எனினும் கருவியும் நடுநிலையானதன்று. கோடாக் நிறுவனத்தின் ‘ஷெர்லி அட்டை’ பல்லாண்டுகள் வெள்ளைத்தோல் பெண்ணின் படத்தையே வண்ண அளவுகோலாகக் கொண்டிருந்தது. கருநிற முகங்களின் நுட்பம் நிழலில் மறைந்தது. ஆகவே நிழலைத் திறந்து கண்ணையும் கன்னத்தையும் தெளிவாக்குவது நியாயமான திருத்தமே. அது தோலை வெளுப்பதாகாது. இன்றைய கைப்பேசிகளோ படமெடுக்கும்போதே தோலை மழுமழுப்பாக்கிவிடக்கூடியவை. எனவே மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுவது மட்டும் போதுமான சான்றாகாது.

ஆதலின் எல்லையை மனிதரிடமிருந்தே வகுத்தல் வேண்டும். பரு, தூசி, கலைந்த மயிர் ஆகியன நாளை இராதவை, அவற்றை நீக்கலாம். தழும்பு, சுருக்கம், நிறம் ஆகியன வாழ்வு எழுதியவை. அவற்றைக் குறைத்தலும் மிகுத்தலும் ஒருங்கே விலக்கத்தக்கன. போட்டி நடத்துவோர் இவ்விரண்டையும் விதியில் வெளிப்படையாக எழுதுதல் நலம். மாணவர்க்கு ஒளிப்படப் போட்டி நடத்தும் தமிழாசிரியர்கள் இதனைத் தொடங்கி வைக்கலாம். தம் நிறம் திருத்தப்பட வேண்டிய பிழையன்று என்பதை மாணவர் அங்கேயே கற்றுக்கொள்வர்.