பரட்டையின் பாடல்களும் பாடுவோரின் உரிமையும்

தமிழகத் திருச்சபையின் வழிபாட்டிசையை ஆராயப் புகுவோர் அருள்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவர்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டு முறைமையையே அமைத்துத் தந்தார். அப்பாடல்களை எளிமை கருதிப் புகழ்வோர் பலர். அப்புகழ்ச்சி அவர் கருத்தைத் தொடவேயில்லை என்பது நமது துணிபு.

அவர் கருத்துதான் யாது? கீர்த்தனைக்கு இராகப் பயிற்சியும் செந்தமிழறிவும் வேண்டும்; பாமாலைக்கு ஆர்கனும் பயின்ற பாடகர் குழுவும் வேண்டும். நாட்டுப்புறப் பாடலுக்கோ தனி உரிமையாளர் இல்லை. பாடுகிறவர் சொல்லை மாற்றலாம், அடியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆகவே ஒடுக்கப்பட்டோர் தம் இறையியலைத் தாமே இயற்றிக்கொள்ள அவ்விசை இடந்தருகிறது என்றார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் கடவுளைப் 'பெத்தவரே' என்றழைத்தார். தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான கிராமத்துச் சொல் அது. ஒரே உலையில் பொங்கி அனைவரும் சேர்ந்துண்பதை 'ஒரு உலை' என்று போதித்தார். சாதி பார்த்து உண்ணும் நாட்டில் இது பாட்டோடு நின்றுவிடும் பேச்சன்று.

பறையை வழிபாட்டில் ஒலிக்கச் செய்தது எளிதில் ஏற்கப்படவில்லை. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய ஊழியமாயிருந்தபடியால், அதைவிட்டு வெளியேறிய தலித் கிறிஸ்தவர்களே பலர் அதனை அருவருத்தனர். இவ்வெதிர்ப்பை விளங்கிக்கொள்ள அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர் தாமஸ் டார்சியின் (1899–1993) வரலாறு துணைசெய்யும். ஜார்ஜியாவில் பாப்திஸ்து போதகரின் மகனாய்ப் பிறந்த அவர், 'ஜார்ஜியா டாம்' என்னும் பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். அவ்விசையின் சாயலைச் சபைக்குள் கொணர்ந்தபோது, சிகாகோவின் பெரிய கறுப்பினச் சபைகளே அதனை மறுத்தன. ஐரோப்பிய இசையே தங்கள் உயர்வின் அடையாளம் என அவை எண்ணியிருந்தன. 1932இல் மனைவி நெட்டி பிரசவத்தில் இறக்க, பிறந்த குழந்தையும் மரித்தது. அத்துயரத்தில், பழைய ஞானப்பாட்டு மெட்டொன்றைத் தழுவி அவர் இயற்றிய 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்' என்னும் பாடலை, 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்கச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் பாடினார். டார்சி தம் பாடல்களை அச்சிட்டு விற்றவர். எனினும் அவருடைய பாடகர் எவரும் அச்சிலுள்ளபடி மட்டும் பாடி அமர்ந்ததில்லை.

நம் சபைகளிலோ பரட்டையின் பாடல் பெரும்பாலும் அச்சிலுள்ளபடியே, தலித் விடுதலை ஞாயிறன்று, கீபோர்டுடன் பாடகர் குழுவினரால் பாடப்படுகிறது. எவரும் மாற்றலாம் என்று தரப்பட்டது எவரும் மாற்றாத பாட்டாயிற்று.

கீர்த்தனையைப் பற்றிய அவர் தீர்ப்பை மட்டும் நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. விருதுநகர், சாத்தூர் வட்டாரச் சிற்றூர்களில் எழுத்தறியாப் பாட்டிமார் கீர்த்தனைகளை மனப்பாடமாய்ப் பாடுவர். இராகம் சற்று நழுவும்; கடினமான சொல் வாய்க்கேற்ற வடிவம் பெறும். (இதைத் திருத்த முற்படும் இளம் ஆயர்கள் சற்றுப் பொறுப்பார்களாக!) பாட்டை மக்களுடையதாக்குவது மெட்டின் பிறப்பு மட்டுமன்று, மக்கள் அதனைக் கையாளும் உரிமையுமாகும்.

இவ்வுரிமை எங்கே மறுக்கப்படுகிறது என்பதைப் பட்டாசுப் பகுதியில் காணலாம். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் வெடிவிபத்தில் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். இத்தகைய சாவுகளில் வீட்டு வாசலில் பெண்கள் வைக்கும் ஒப்பாரி, கூலியையும் கடனையும் மருந்து அறையையும் விட்டுச்சென்ற பிள்ளையையும் பெயர் சொல்லி அழும். இறந்தவர் கிறிஸ்தவராயின் நாம் சென்று பாமாலை எண்ணை அறிவிக்கிறோம், ஒப்பாரி நின்றுவிடுகிறது. பரட்டையின் மெட்டுகளை வகுப்பில் கற்கும் மாணவர், அடக்க ஆராதனையின் முறைமையில் அப்பெண்களுக்கு எந்த இடத்தை விடப்போகிறார்கள் என்பதை ஊழியத்திற்குச் செல்லுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.