திட்டம் மாவட்டத்தின் கையில், ஆலோசகர் முதல்வரின் கையில்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்கள் பெருகியதற்கு ஸ்புட்னிக் ஒரு முக்கியக் காரணம். 1957இல் சோவியத் ஒன்றியம் அந்தச் செயற்கைக்கோளை ஏவியதும், அறிவியலில் திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும் என்ற பதற்றம் அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. மறு ஆண்டே வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் நிதியால் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆலோசகர்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்தப் பதவிக்குத் திட்டவட்டமான வேலை வரையறுக்கப்படவில்லை. நெருக்கடியில் உள்ள மாணவர் தேடி வந்தால் பேசுவது, கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உதவுவது, மீதி நேரத்தில் பள்ளி முதல்வர் சொன்னதைச் செய்வது என்றே காலம் ஓடியது. மிசூரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் கைஸ்பர்ஸ் 1970களிலிருந்து இதை மாற்ற முயன்றார். ஆலோசனை என்பது ஒரு தனி ஆளின் பதவியாக இருக்கக் கூடாது, எல்லா மாணவருக்கும் போய்ச் சேரும் திட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 2003இல் வெளியிட்ட தேசிய மாதிரி அந்தச் சிந்தனையின் வழிவந்ததே. பதவி திட்டமானால், பள்ளிகளுக்கு மேலே நின்று அதை நடத்த ஒருவர் வேண்டும். மாவட்ட அளவிலான ஆலோசனைத் திட்டத் தலைவர் என்ற பொறுப்புக்கு அடிப்படை இதுதான். அந்த ஏற்பாடு சரியானது; ஆனால் அதற்குரிய அதிகாரம் அதனிடம் இல்லை.

முதலில் அதன் பலம். ஒரே மாவட்டத்தில் வசதியான குடும்பங்கள் வாழும் பகுதியின் பள்ளியில் ஆலோசகர் கல்லூரிச் சேர்க்கையைக் கவனித்துக்கொண்டிருப்பார். நாலு மைல் தள்ளியுள்ள பள்ளியில் அதே பதவியில் இருப்பவர் உணவுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நிற்பார். இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி, வருகை, ஒழுங்கு நடவடிக்கைக் கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும். ஒரு பள்ளிக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. திட்டம் பலன் தருகிறது என்பதற்கும் சான்று உண்டு. லாப்பன், கைஸ்பர்ஸ், சன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மிசூரியின் 236 உயர்நிலைப் பள்ளிகளில் 22,964 மாணவர்களைக் கேட்டது. திட்டம் முழுமையாக நடந்த பள்ளிகளின் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்குவதாகவும், எதிர்காலத்துக்குப் பள்ளி தங்களை நன்றாகத் தயார்செய்வதாகவும் சொன்னார்கள். ஆனால் இது மாணவர் வாய்மொழி. தவிர, நல்ல நிர்வாகமுள்ள பள்ளியில் ஆலோசனைத் திட்டமும் நன்றாக நடக்கும். எது காரணம், எது விளைவு என்பதை இவ்வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துப் பார்க்க வழி செய்தது ஒரு சாதாரண அலுவலகப் பழக்கம். பல உயர்நிலைப் பள்ளிகளில் குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்தே மாணவர்களை ஆலோசகர்களுக்குப் பங்கிடுகிறார்கள். இந்த எழுத்துப் பங்கீட்டைப் பயன்படுத்தி, மாசசூசெட்ஸ் மாணவர்களின் தரவுகளைக் கொண்டு கிறிஸ்டின் மல்ஹர்ன் ஆராய்ந்தார். திறமையான ஆலோசகரிடம் போய்ச் சேர்ந்த மாணவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதும் கல்லூரிக்குச் செல்வதும் கூடுகிறது. படிப்பில் பின்தங்கியவர்களுக்கு அந்தப் பலன் இன்னும் அதிகம் என்று அவர் கண்டார். ஆக, பள்ளி ஒன்று, திட்டம் ஒன்று. இருந்தும் பெயரின் முதலெழுத்து ஒரு பிள்ளையின் படிப்பில் வித்தியாசம் செய்கிறது. மாவட்ட அலுவலகம் எவ்வளவு அழகாகத் திட்டம் எழுதினாலும், அதை நடத்தும் ஆள் யார் என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் ஏற்பாட்டின் ஓட்டை தெரிகிறது. பெரும்பாலான மாவட்டங்களில் ஆலோசகரை வேலைக்குத் தேர்ந்தெடுப்பதும், அவர் பணியை மதிப்பிடுவதும், அன்றாட வேலையைச் சொல்வதும் பள்ளி முதல்வர். மாவட்டத் தலைவர் பயிற்சி நடத்தலாம், படிவம் அனுப்பலாம், பரிந்துரைக்கலாம்; உத்தரவிட முடியாது. ஆலோசகரின் நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கான நேரடி, மறைமுகச் சேவைக்குப் போக வேண்டும் என்கிறது தேசிய மாதிரி. தேர்வு முடிவை மாணவருக்கு விளக்குவது ஆலோசகர் வேலை, தேர்வை நடத்துவது அல்ல. பள்ளிக்கு வராத பிள்ளையிடம் காரணம் கேட்டுப் பேசுவது அவர் வேலை, விடுப்புச் சீட்டில் கையெழுத்திடுவது அல்ல என்று பட்டியலும் போடுகிறது. வசந்த காலத்தில் மாநிலத் தேர்வுகள் வந்தால் அந்தப் பட்டியல் காற்றில் பறக்கிறது. அறைவாரியாகப் பெயர்ப் பட்டியல் ஒட்டுவதும், கூடுதல் நேரம் பெறும் மாணவர்களைத் தனியே அமர்த்துவதும், வராதவர்களுக்கு மறுதேர்வு நாள் குறிப்பதும் பல பள்ளிகளில் ஆலோசகர் தலையில்தான் விழுகின்றன. நேரத்தை அளக்க மாதிரி தரும் கருவியும் இதைப் பிடிப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நாள் குறித்துவைத்தால் போதும். தேர்வு வாரம் அந்த ஐந்து நாளுக்குள் வராவிட்டால் கணக்கில் 80 சதவீதம் வந்துவிடும். மாவட்டத் தலைவருக்குக் கிடைப்பது குறையில்லாத அறிக்கை. மாணவருக்குக் கிடைப்பது பூட்டிய கதவு.

ஒரு பள்ளிக்கு ஒரு தலைமைதான் இருக்க முடியும், இரண்டு மேலதிகாரிகள் வந்தால் குழப்பமே மிஞ்சும் என்று முதல்வர்கள் சொல்லக்கூடும். அது நியாயமான கவலைதான். ஆனால் பள்ளி உளவியலாளர்கள் பல மாவட்டங்களில் மாவட்ட அலுவலகத்தின் கீழேயே பணிபுரிகிறார்கள்; அதனால் பள்ளி நிர்வாகம் நிலைகுலைந்துவிடவில்லை. அன்றாட நிர்வாகம் முதல்வரிடமே இருக்கட்டும். நேர்காணல் குழுவில் ஓர் இடம், ஆண்டு மதிப்பீட்டில் ஒரு பங்கு, தேர்வு நடத்தும் வேலையை வேறொருவருக்கு மாற்றும் உரிமை ஆகிய மூன்றும் மாவட்டத் தலைவருக்கு இருந்தால் போதும். ஆண்டுத் தொடக்கத்தில் ஆலோசகரும் முதல்வரும் கையெழுத்திடும் உடன்பாட்டை மாதிரி ஏற்கெனவே பரிந்துரைக்கிறது. அதில் மூன்றாவது கையெழுத்தும், மீறினால் கேள்வி கேட்கும் வழியும் சேர்ந்தால்தான் அந்தக் காகிதத்துக்குப் பொருள் உண்டு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது சங்கத்தின் பரிந்துரை. 2022–23 கல்வியாண்டில் நாட்டின் சராசரி 385. ஆளே போதாதபோது தலைமையைச் சீர்செய்து என்ன பயன் என்று கேட்கலாம். ஆள் கூடினால் பலன் உண்டு என்பது மெய்தான். புளோரிடாவின் அலாச்சுவா மாவட்டத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஆலோசகர் எண்ணிக்கை கூடும்போது ஒழுங்கு மீறல்கள் குறைவதைக் கண்டார்கள். ஆனால் கூடுதல் ஆள் என்பது பணத்தைச் சார்ந்தது, பணம் நிலையானதல்ல. பள்ளி மனநலப் பணியாளர்களுக்காக 2022இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த மானியங்களை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் கூட்டாட்சிக் கல்வித் துறை அறிவித்தது. ஏற்கெனவே இருக்கும் ஆலோசகரின் நேரத்தை மீட்பதற்கோ வாஷிங்டனின் தயவு தேவையில்லை, மாவட்டக் கல்வி வாரியத்தின் ஒரு தீர்மானம் போதும். மேலும், நேரம் பறிபோகும் பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆலோசகரை அனுப்பினால் தேர்வு வேலைக்கு இன்னொரு கை கிடைத்ததாக முடியும்.

ஆகவே மாவட்ட ஆலோசனைத் திட்டத்தை மதிப்பிட விரும்பும் கல்வி வாரியம், அது எத்தனை கையேடு வெளியிட்டது, எத்தனை பள்ளிகள் விருது வாங்கின என்று பார்ப்பதில் பயனில்லை. தேர்வுக் காலத்தில் ஆலோசகர்கள் எங்கே இருந்தார்கள், அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மாவட்டத் தலைவர் அறையில் இருந்தாரா என்ற இரண்டு கேள்விகள் போதும். விடை சரியில்லை என்றால் தலைவரை மாற்றுவதற்கு முன் அந்தப் பதவிக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாத வாரியம், திட்டம் நடக்கவில்லை என்று அவரைக் குறை சொல்லும் தகுதியையும் இழக்கிறது.