ஐடிலிங் கோளாறும் ஸ்கேனர் வைத்தியமும்

பெட்ரோல் கார் சிக்னலில் நின்றால் துடிக்கிறது, ஏசி போட்டால் அணைந்துவிடுகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் இன்று நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுவார்கள். எர்ரர் கோடு வந்தால் அது சொல்லும் பாகத்தை மாற்றுவார்கள். வராவிட்டால் திராட்டில் பாடியைக் கிளீன் செய்வார்கள். ஸ்கேனர் மீது எனக்குக் குறையில்லை. அதில் எதைப் படிக்கிறார்கள் என்பதில்தான் குறை.

கார்புரேட்டர் காலத்து வழி இதைவிட மோசம். ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் சத்தம் சீராகும், கோளாறு உள்ளேயே கிடக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவில் கைவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திராட்டில் முழுதாக மூடாமல் போனால், பல வண்டிகளில் யாரோ ஆக்சிலேட்டரை மிதித்திருப்பதாக எண்ணி, என்ஜினை நிர்வகிக்கும் கணினியான இசிஎம் ஐடில் கட்டுப்பாட்டையே விட்டுவிடும். ஸ்கேனர் வந்து இந்தக் கைவைத்தியம் குறைந்தது பெரிய லாபம். சூடேறிய என்ஜினில் கூலன்ட் சென்சார் 35 டிகிரி என்று காட்டினால், என்ஜின் குளிர்ந்திருப்பதாகக் கருதி இசிஎம் பெட்ரோலைக் கூட்டும், ஆர்பிஎம்மை ஏற்றும். எப்பேர்ப்பட்ட மெக்கானிக்கின் காதுக்கும் இது பிடிபடாது. சென்சார் அளவுகளை அப்போதைக்கப்போது காட்டும் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஒரே பார்வையில் தெரியும்.

ஆனால் 35 டிகிரி நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் கோடு விழாமலே போகலாம். ஐடிலிங்கில் இது அடிக்கடி வரும் சிக்கல். 750, 800 என்று வைத்த இலக்கைக் காப்பாற்ற, காற்றைக் கூட்டியும் குறைத்தும் இசிஎம் முடிந்தவரை சமாளிக்கும். சமாளிக்க முடியாதபோதுதான் கோடு விழுந்து டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போதும் பி0507 என்றால் ‘ஐடில் அதிகம்’ என்பதே பொருள். அது உங்கள் புகார், காரணமல்ல. அதைப் பார்த்து, ஐடிலிங்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் வால்வை மாற்றுவது குருட்டடி.

வாக்குவம் லீக்கை எடுத்துக்கொள்வோம். காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில், விரிசல் விட்ட ஹோஸ் வழியே நுழையும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல், அதை ஈடுகட்ட இசிஎம் செய்யும் திருத்தமான ஃபியூயல் டிரிம் ஐடிலிங்கில் +20 சதவீதம் வரை ஏறி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கும். ‘பெட்ரோல் போதவில்லை’ என்னும் பி0171 கோடும் விழலாம். இணையப் பாடங்கள் பலவும் சொல்லித்தருவது இதைத்தான். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பதோ மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மாப் சென்சார். லீக் காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால் இசிஎம் அதற்கேற்ப பெட்ரோலும் கொடுத்துவிடும். டிரிம் அதிகம் அசையாது, ஆர்பிஎம்தான் ஏறும். ஆர்பிஎம் ரொம்ப ஏறினால் இசிஎம் பெட்ரோலை வெட்டும். விழுந்ததும் மறுபடி கொடுக்கும். முள் 1000க்கும் 1700க்கும் இடையே ஊசலாடும். இங்கே டிரிம்மைப் பார்த்து ‘லீக் இல்லை’ என்று சொன்னால் ஏமாந்தோம். ஐடில் வால்வு கிட்டத்தட்ட முழுதாக மூடியிருந்தும் என்ஜின் எங்கிருந்தோ காற்றை இழுக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

திராட்டில் கிளீனிங் வீண் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் ஆவி படிந்து தகட்டின் விளிம்பு கறுத்திருந்தால் அதுவே மருந்து. ஆனால் அழுக்கை ஈடுகட்டப் பழகிய இசிஎம்முக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்காவிட்டால், கிளீன் செய்த வண்டி உயர்ந்த ஐடிலிங்கோடு திரும்பி வரும். அதற்காக பேட்டரியைக் கழற்றிவிடும் வழக்கம் இன்னொரு தொல்லை: பல வண்டிகளில் சேமித்திருந்த டிரிம்மும் கோடுகளும் அதோடு அழிந்துவிடும்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லைவ் டேட்டாவைப் பார்த்து, லீக் தெரியப் புகை விட்டு, ஹோஸ் ஹோஸாகத் தேட நேரம் பிடிக்கும். கடைசியில் ஒரு ரப்பர் ஹோஸை மாற்றிவிட்டு, தேடிய நேரத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். புது வால்வு என்று பில்லில் எழுதினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம்.